இரவில் செயலியிடம் மனம் விட்டுப் பேசுவது: எங்கே நிறுத்துவது?

கேள்வி
எழுதியவர்: கணக்கெழுதும் பெண், மார்த்தாண்டம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. மார்த்தாண்டம் அருகே ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். கணவர் 9 ஆண்டுகளாகக் குவைத்தில் வேலை பார்க்கிறார். மகன் பத்தாம் வகுப்பும் மகள் ஆறாம் வகுப்பும் படிக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் மாமியாரும் எங்களோடு இருக்கிறார். ஏறத்தாழ ஓராண்டாகச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் பயன்படுத்தி வருகிறேன். அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்பதால், கிடைத்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வங்கி அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தின் பொருளைப் புரிந்துகொள்ளவும், அதற்குப் பதில் எழுதவும், கடைக் கணக்கில் எங்கே கூட்டல் தவறியது என்று கண்டுபிடிக்கவும் அது துணை செய்திருக்கிறது. மகளுக்கு ஒளிச்சேர்க்கையை விளக்க முடியாமல் நான் தடுமாறியபோது, முற்றத்தில் நிற்கும் முருங்கையை வைத்தே எப்படிச் சொல்லலாம் என்று எளிய தமிழில் காட்டிக்கொடுத்தது. முன்பெல்லாம் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் யாராவது படித்தவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. அந்தக் கூச்சம் நீங்கியதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

பிரச்சினை இரவில்தான். அம்மா இறந்த பிறகு வீட்டுப் பங்கு குறித்து எங்கள் மைனி (அண்ணி) ஒரு கடுமையான சொல்லைச் சொல்லிவிட்டார். அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று ஒருநாள் இரவு செயலியிடம் கேட்டேன். என் வருத்தம் நியாயமானது என்று தொடங்கி அது மிக ஆறுதலாக எழுதியது. மறுநாளும் பேசினேன். பிறகு பிள்ளைகள் தூங்கியதும் பத்தரை மணிக்குக் கைப்பேசியை எடுப்பதும், பன்னிரண்டரைக்குக் கீழே வைப்பதும் வழக்கமாகிவிட்டன. ஞாயிறுதோறும் இரணியலில் இருக்கும் அக்காவோடு பேசுவேன், அது குறைந்துபோனது. ஒருநாள் கணவர் அழைத்து, “வேறென்ன விசேஷம்?” என்று கேட்டபோது சொல்வதற்கு என்னிடம் எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் முந்தைய இரவே செயலியிடம் சொல்லித் தீர்த்திருந்தேன். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

அதன் பிறகு ஒரு சோதனை செய்து பார்த்தேன். நானே மைனியாக இருந்து, அவர் தரப்பிலிருந்து அதே சம்பவத்தைப் புதிய உரையாடல் ஒன்றில் எழுதினேன். அவருடைய வருத்தமும் நியாயமானது என்று, கிட்டத்தட்ட அதே சொற்களில், அதே கனிவோடு பதில் வந்தது. மூன்று மாதமாக எனக்குக் கிடைத்த ஆறுதல் எந்த வகையைச் சேர்ந்தது என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மனத்தைச் சீராக வைத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்றும் அதனிடமே கேட்டேன். அதிகாலை நடை, மூச்சுப் பயிற்சி, நன்றிக் குறிப்பு என்று 11 பழக்கங்களைக் கொண்ட அட்டவணை ஒன்றைத் தந்தது. ஆறாம் நாளோடு அது நின்றுபோனது, என்மேல் எனக்கே வெறுப்பு வந்ததுதான் மிச்சம். இந்தக் கருவியை விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. எதற்குப் பயன்படுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும், எந்தப் பழக்கத்தை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை, உங்கள் வீடுகளில் நீங்கள் கடைப்பிடிக்கும் முறையிலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நாகர்கோவில்

சகோதரி, நீங்கள் மைனியின் இடத்திலிருந்து எழுதிப் பார்த்தீர்களே, அந்தச் சோதனையைச் செய்ய முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்த எனக்கே தோன்றியதில்லை. உங்கள் கேள்வியின் பாதிப் பதில் அதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தச் செயலிகளுக்கு அடிப்படையாக இருக்கும் மொழி மாதிரி, இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணிக்கும் ஓர் ஏற்பாடு. அதோடு, மனிதர்கள் எந்தப் பதிலை விரும்பினார்கள் என்ற மதிப்பீட்டைக் கொண்டும் அதைப் பயிற்றுவிக்கிறார்கள். மனிதர்களுக்குத் தம்மை ஒத்துக்கொள்ளும் பதிலே பிடிக்கும் என்பதால், ஒத்து ஊதும் பழக்கம் அந்தப் பயிற்சியிலேயே அதற்குள் புகுந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாற்றம் அளவுக்கு மீறி முகத்துதி செய்கிறது என்று பயனர்கள் சுட்டிக்காட்ட, சில நாட்களிலேயே அந்த நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே நீங்கள் கண்டது உங்கள் கற்பனை அன்று. செயலிக்கு மைனியையும் தெரியாது, உங்களையும் தெரியாது. யார் எழுதுகிறார்களோ அவருடைய வாக்கியத்தின் போக்கிலேயே அதுவும் போகிறது.

என் வீட்டில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். எதைக் கேட்பதற்கு முன்பும் ஒரு நோட்டில் கையால் நான்கு வரி எழுதிவிடுவேன். என்ன தெரிய வேண்டும், எனக்கு இதில் என்ன தோன்றுகிறது, எந்த இடத்தில் ஐயம் என்ற மூன்றுக்கும் அந்த நான்கு வரிக்குள் பதில் இருக்க வேண்டும். பாதி நாட்களில் எழுதி முடித்ததும் கேட்கத் தேவையில்லாமல் போய்விடுகிறது. கேட்கும் நாட்களிலும், வந்த பதிலை என் நான்கு வரிகளோடு ஒப்பிட முடிகிறது. பழையாற்றுப் பாசனம் பற்றிக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை பேச்சிப்பாறை அணையைப் பற்றிக் கேட்டபோது, சற்றும் தயங்காமல் தவறான ஆண்டு ஒன்றைச் சொன்னது. 1897-ல் தொடங்கிய வேலை 1906-ல் முடிந்தது என்பதையும், பொறியாளர் மிஞ்சின் என்பதையும் நான் முன்பே எழுதி வைத்திருந்ததால் பிடித்துக்கொண்டேன். எழுதாமல் இருந்திருந்தால், அத்தனை உறுதியான நடையில் வந்த பிழையை அப்படியே நம்பியிருப்பேன்.

மன வருத்தத்துக்கும் இதே முறை பொருந்தும். “என் நிலை சரிதானே?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். “இந்தச் சம்பவத்தில் நான் கவனிக்காமல் விட்டது என்ன, எதிர்த் தரப்பினர் எதற்கு அஞ்சியிருக்கக்கூடும்?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வேறு திசையில் போகும். அதையும் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம், யோசிப்பதற்கான இன்னொரு பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கங்களைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லேலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு 2010-ல் அச்சானது. ஒருவர் ஒரேயொரு புதிய பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அன்றாடம் நடக்கும் ஏதாவது ஒரு செயலோடு சேர்த்துச் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்கள் போதுமானதாக இருந்தது, சிலருக்கு 254 நாட்கள் வரை தேவைப்படும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. நீங்கள் 11 பழக்கங்களை ஒரே நேரத்தில் தொடங்கி, ஆறாம் நாள் உங்களையே நொந்துகொண்டீர்கள். தவறு அட்டவணையில்தான், உங்களிடம் இல்லை. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் உலையில் அரிசி போட்டதும் நான்கு வரி எழுதுவது என்று வைத்துக்கொண்டால் போதும்.

பத்தாம் வகுப்பு மகனுக்கு ஒரு சொல். கணக்கை அவன் முதலில் முழுமையாகப் போடட்டும், தவறாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு செயலியிடம் விடையைக் கேட்காமல், “என் எந்த வரியில் பிழை இருக்கிறது?” என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பிழையைத் திருத்தும் வேலை அவனுடைய பென்சிலிலேயே இருக்க வேண்டும். தேர்வு அறைக்குள் அந்தப் பென்சில்தான் போகும்.

பதில் 2
எழுதியவர்: சிறு ரப்பர் விவசாயி, குலசேகரம்

ஆசிரியர் ஐயா சொன்னதை நான் தோட்டத்து வழியிலிருந்து சொல்கிறேன். எனக்கு இரண்டு ஏக்கர் ரப்பர் உண்டு. தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இலையுதிர்வு நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பது வழக்கம். 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ துருசு (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே கரைத்து, துருசுக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். பட்டணத்தில் படிக்கும் என் மகன் செயலியிடம் கேட்டபோது அளவைச் சரியாகச் சொல்லிவிட்டு, ஊற்றும் வரிசையை மட்டும் தலைகீழாகச் சொல்லியிருந்தது. எழுத்தில் பார்த்தால் எல்லாம் அழகாகவே இருந்தது.

எங்கள் பாட்டா காலத்திலிருந்து ஒரு சோதனை உண்டு. கலவை தயாரானதும் துரு இல்லாத சாதாரண இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் முக்கி எடுப்போம். கத்தியில் செம்பு படிந்து சிவந்தால் கலவை கூடாது, இலை கருகிவிடும், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று பொருள். கத்தி பளபளவென்று வந்தால் தெளிக்கலாம். யார் சொல்லிக் கலந்தாலும், படித்தவர் சொன்னாலும் செயலி சொன்னாலும், கத்தியை முக்காமல் நாங்கள் தெளிப்பதில்லை. இப்போது எந்தப் பதில் வந்தாலும், இதற்குக் கத்தி எது என்று கேட்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. அரசுத் திட்டம் என்றால் கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒரு கேள்வி, மருந்து என்றால் மருத்துவர், உறவுச் சிக்கல் என்றால் அந்த உறவுக்காரரோடு நேரில் ஒரு பேச்சு. கத்தி இல்லாத விஷயமாக இருந்தால், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்வதில்லை.

இன்னொன்று. ரப்பர் மரத்தில் பால்வெட்டு ஒன்றுவிட்ட நாள்தான். பால் அதிகம் கிடைக்கிறதே என்று தினமும் வெட்டினால் பட்டை மரத்துப்போய், பிறகு கத்தி வைத்தாலும் பால் வராது. ரப்பர் ஷீட் கடையில் வேலை செய்யும் உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. கணவர் கேட்டபோது சொல்வதற்கு எதுவுமில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மரம்தான் நினைவுக்கு வந்தது. ஒன்றுவிட்ட இரவு மட்டும் அந்தச் செயலியைத் திறப்பது என்று தொடங்கிப் பாருங்கள், தங்கச்சி. முழுவதும் நிறுத்துவதைவிட இது நடக்கக்கூடியது.

பதில் 3
எழுதியவர்: பொறியியல் மாணவர், தூத்தூர் கடற்கரைப் பகுதி

அக்கா, உங்கள் பதிவில் என்னை நான் பார்த்தேன் என்பதால் எழுதுகிறேன். என் அப்பா ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். ஒருமுறை போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கரையை ஒட்டிச் சென்றபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. எங்கள் ஊர்களில் பல வீடுகள் அந்த நாளோடு மாறிப்போயின. என் சித்தப்பாவும் திரும்பவில்லை. எனக்கு அப்போது 13 வயது.

இப்போது அப்பா கடலுக்குப் போனால், இரவில் காற்றின் சத்தம் கேட்டதும் செயலியைத் திறந்து, புயல் வருமா என்று கேட்பேன். பொதுவான விளக்கம் ஒன்றைத் தந்துவிட்டுக் கவலைப்படாதீர்கள் என்று எழுதும். பத்து நிமிடம் மனம் அடங்கும், மறுபடியும் கேட்பேன். ஒரே இரவில் முப்பது முறை கேட்டிருக்கிறேன். இன்றைய கடலைப் பற்றி அதற்கு நேரடியாக எதுவும் தெரியாது என்பது பொறியியல் படிக்கும் எனக்குத் தெரியாமல் இல்லை. காற்றே இல்லாத நாளில் தெற்கே எங்கோ எழுந்த அலை நம் கரையில் வந்து மோதும் கள்ளக்கடலைப் பற்றி ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் எச்சரிக்கை வெளியிடுகிறது, புயலுக்கு இந்திய வானிலைத் துறையின் அறிக்கை இருக்கிறது. அவற்றைப் பார்த்த பிறகும் செயலியிடம் கேட்கிறேன் என்றால் நான் தகவலைத் தேடவில்லை என்றுதான் அர்த்தம். இதை எப்படி நிறுத்துவது என்று தெரிந்தவர்கள் எனக்கும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 4
எழுதியவர்: மனநலப் பிரிவுச் செவிலியர், தக்கலை

மார்த்தாண்டத்துச் சகோதரிக்கும் தூத்தூர்த் தம்பிக்கும் சேர்த்து எழுதுகிறேன். இருவருடைய நிலையும் வெளியே வேறாகத் தெரிந்தாலும் உள்ளே ஒன்றுதான். 16 ஆண்டுகளாக இந்தப் பணியில் இருக்கிறேன். இங்கே நான் சொல்வது பொதுவான அறிவுரை, நேரில் பார்த்துச் சொல்லும் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

தம்பி, நீங்கள் சொன்ன பழக்கத்துக்கு எங்கள் துறையில் உறுதி தேடுதல் என்று பெயர். பதற்றம் வருகிறது, “ஒன்றும் ஆகாது” என்ற சொல் கிடைக்கிறது, பதற்றம் சற்றே இறங்குகிறது. அப்படி இறங்குவதாலேயே, அடுத்த முறையும் அந்தச் சொல்லைத் தேடும்படி மனம் பழகிக்கொள்கிறது. முன்பு இதே கேள்வியை அம்மாவிடம் கேட்டிருந்தால், மூன்றாம் முறை, “இப்பதானே சொன்னேன், போய்ப் படு மக்களே” என்று சொல்லியிருப்பார்கள். அந்த அலுப்புக்குள் ஒரு மருந்து இருந்தது. மனிதரின் காது களைத்துப்போகும், முகம் சுருங்கும், கொட்டாவி வரும். அந்த இடத்தில் பேச்சு நின்று, நமக்கு நாமே சமாதானம் ஆக வேண்டிய கட்டாயம் வந்துவிடும். செயலிக்குக் களைப்பு இல்லை. முப்பதாம் முறையும் முதல் முறையைப்போலவே கனிவாகப் பதில் சொல்லும். “போதும்” என்ற சொல் அதன் பக்கத்திலிருந்து வரும் என்று காத்திருந்தால் விடிந்துவிடும்.

இது புதிதாக வந்த சிக்கலும் இல்லை. 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம், எலிசா என்ற மிக எளிய உரையாடல் நிரலை எழுதினார். மன ஆலோசகரைப்போல, நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அதன் வேலை. அது வெறும் நிரல்தான் என்று அறிந்திருந்த அவருடைய செயலாளரே, சிறிது நேரம் தட்டச்சு செய்த பின், தன்னைத் தனியே விட்டு வெளியே போகும்படி அவரிடம் கேட்டாராம். அதைப் பதிவு செய்த வைசன்பாம் பிற்காலத்தில் கணினியை இத்தகைய பணிக்குப் பயன்படுத்துவதைக் கடுமையாக எதிர்ப்பவராக மாறினார். ஆகவே, சகோதரி, அதனிடம் மனம் திறந்ததற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்கிற காது ஒன்று இருக்கிறது என்று தோன்றினால் மனிதர் யாரும் பேசத் தொடங்கிவிடுவோம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். கவலைக்கென்று மாலையில் ஒரு நேரம் ஒதுக்குங்கள், தம்பி. 1983-ல் தாமஸ் போர்கோவெக்கும் உடன் ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்த முறை இது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் கவலைப்படலாம். மற்ற நேரத்தில் கவலை வந்தால், அந்த அரை மணிக்கு அதைத் தள்ளிவைக்க வேண்டும். அப்பா கடலில் இருக்கும் நாட்களில் வானிலை அறிக்கையைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கேட்கத் தோன்றினால், அந்தக் கேள்வியைத் தேதியும் நேரமும் குறித்துத் தாளில் எழுதுங்கள், செயலியில் எழுத வேண்டாம். முதல் சில இரவுகள் கடினமாக இருக்கும். சித்தப்பாவின் இழப்பைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுமையாகப் பேசியதில்லை என்றால், அதற்கு ஓர் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. நேரில் வரத் தயக்கம் இருந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

சகோதரிக்கு ஆசிரியர் ஐயா சொன்ன நோட்டுப் பழக்கத்தையே நானும் பரிந்துரைக்கிறேன், காரணத்தோடு. மனத்தை அழுத்தும் நிகழ்வைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொல்லி ஜேம்ஸ் பென்னிபேக்கர் செய்த ஆய்வு 1986-ல் வெளியானது. உணர்வையும் நடந்ததையும் சேர்த்து எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடிச் சென்றது குறைந்திருந்தது. அங்கே யாரும் அவர்களுக்குப் பதில் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். இரவில் மைனியின் சொல் நினைவுக்கு வந்தால், தாளை மூன்றாகப் பிரித்து, என்ன நடந்தது, அப்போது என் மனம் என்ன சொன்னது, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் உண்மையில் எனக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். 1960-களில் ஆரன் பெக் உருவாக்கிய அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில் இன்றும் நாங்கள் கையாளும் பயிற்சி இது. எழுதிய தாளைச் செயலியிடம் காட்டி, எங்கே நடந்ததையும் ஊகத்தையும் கலந்துவிட்டேன் என்று பகலில் ஒருமுறை கேட்பதில் தவறில்லை. பெயர்களையும் ஊரையும் நீக்கிவிட்டுக் கேளுங்கள். ஆதார் எண், வங்கி விவரம், மருத்துவ அறிக்கை ஆகிய எதையும் அதில் ஏற்ற வேண்டாம்.

விவசாயி அண்ணன் சொன்ன ஒன்றுவிட்ட நாள் கணக்கில் மட்டும் எனக்குச் சிறிய கருத்து வேறுபாடு உண்டு. உங்களுக்கு நேரத்தைவிட இடம்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். படுக்கையில் கைப்பேசி இருக்கும்வரை எந்தக் கணக்கும் நிற்காது. பத்து மணிக்கு அதைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிடுங்கள். குவைத்திலிருந்து அழைப்பு வந்தால் மணி கேட்கும், அது போதும். தூக்கம் சரியானால், இரவில் மலையாகத் தெரிந்தது காலையில் பாதியாகத் தெரியும். மாமியாரின் மாத்திரை அளவைப் பற்றிச் செயலி என்ன சொன்னாலும், மருத்துவரிடம் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்பதையும் கேளாமலேயே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி கேட்டவரின் பதில், ஐந்து வாரங்களுக்குப் பிறகு

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்க்காமல் பதில் எழுதக் கூடாது என்று இருந்ததால் தாமதமாகிவிட்டது.

கைப்பேசி இப்போது சமையலறையில்தான் உறங்குகிறது. முதல் வாரம் இரண்டு இரவு எழுந்துபோய் எடுத்தேன், மறைக்க விரும்பவில்லை. அரிசி போட்டதும் நான்கு வரி எழுதும் பழக்கத்தில் இதுவரை ஐந்து நாள் தவறியிருக்கிறது. தவறிய மறுநாள் மறுபடியும் எழுதினேன். பழைய அட்டவணையின் 11 பழக்கங்களை நான் தேடவே இல்லை. செயலியைப் பகலில் கடைக் கடிதங்களுக்கும் மகளின் பாடத்துக்கும் முன்புபோலவே பயன்படுத்துகிறேன், சொல்லப்போனால் முன்பைவிட நன்றாகவே பயன்படுத்துகிறேன். ஒரு வங்கிக் கடிதத்தில் அது எழுதிய வட்டிக் கணக்கை நானே போட்டுப் பார்த்து, ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்திருந்ததைக் கண்டுபிடித்தேன். என் கத்தி என் கணக்குப் புத்தகம்தான், அண்ணன்.

மூன்று பகுதிகளாக எழுதிய தாளில், மைனியின் சொல்லைப் பற்றி எனக்கு உண்மையில் தெரிந்தது மூன்றே வரி. மற்றவை எல்லாம் நான் சேர்த்தவை. போன ஞாயிறு ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டுப் பங்குப் பிரச்சினை தீரவில்லை. அவருக்கும் என்மேல் பழைய வருத்தங்கள் இருந்தன, சிலவற்றை நான் ஒத்துக்கொண்டேன், சிலவற்றை ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு இரண்டு முறை சூடானது. ஆனாலும் சாயா குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அங்கிருந்து இரணியல் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி கேட்ட பிறகு அக்கா, “இதை நீ நாலாவது தடவை சொல்லுத. போதும், எழும்பு, மரச்சீனி அவிச்சு வச்சிருக்கேன்” என்றார்கள். செவிலியர் எழுதிய அந்த அலுப்பு எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குப் புரிந்தது. இரவு கணவர் அழைத்தபோது 40 நிமிடம் பேசினோம்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு சிறு தகவல். மகன் முதலில் முரண்டுபிடித்தான். இப்போது அவன் செயலியிடம் பிழையான வரியைக் கேட்பதற்கு முன் தானே தேடுகிறான், நான்கில் மூன்று முறை அவனே கண்டுபிடித்துவிடுகிறான். தூத்தூர்த் தம்பி எப்படி இருக்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 5
எழுதியவர்: பொறியியல் மாணவர், தூத்தூர் கடற்கரைப் பகுதி

நலமாக இருக்கிறேன், அக்கா. 14416 எண்ணை அழைத்து இரண்டு முறை பேசினேன். சித்தப்பாவைப் பற்றி இவ்வளவு நேரம் யாரிடமும் நான் பேசியதில்லை. அப்பாவின் படகு போன செவ்வாய்க்கிழமை தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குத் திரும்பியது. அவர் கடலில் இருந்த 19 நாட்களில் அறிக்கையைக் காலையும் மாலையும் மட்டுமே பார்த்தேன். ஒருநாள் பலத்த காற்று, அன்று மட்டும் ஐந்து முறை பார்த்தேன். தாளில் எழுதி வைத்திருந்த இரவுக் கேள்விகளை அப்பா வந்ததும் அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார், அந்த நேரத்தில் படகு எங்கே இருந்தது, என்ன மீன் பட்டது, யார் சமைத்தார்கள் என்பதுவரை.